பெயரை அழித்தால் போதுமா?

(வேடந்தாங்கலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மருத்துவ ஆராய்ச்சியில் நம் மண்ணுக்குத் தனி இடம் உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 3,50,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து, 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்க்கு அது இன்றும் பாதுகாப்புதான்.) உலகமே கவனித்த அந்த முடிவுக்கு ஆதாரம், நம்ம ஊர்க்காரங்க நம்பிக் கொடுத்த விவரங்கள்தான்.

ஆகவே ஆராய்ச்சிக்குத் தகவல் தராதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை எப்படிக் காப்பது என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் வேலைக்காக நோயாளிகளின் பட்டியல் என்னிடம் வந்தது. "பேரெல்லாம் எடுத்தாச்சு சார், பயமில்லை" என்றார்கள். ஒரு வரியில் எங்கள் கிராமம், வயது 71, ஓய்வு பெற்ற தபால்காரர், காசநோய் என்றிருந்தது. அப்படி ஒருத்தர்தானே எங்க ஊர்ல! எத்தனையோ பேர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவர். அவருடைய ரகசியத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன்.

2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. அந்தத் தகவலை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேட்கின்றன. ஆனால் குழு பார்ப்பது விண்ணப்பத்தை. பட்டியலின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பது நம்மைப் போன்ற பொறியாளர்கள்தான்.

தம்பி தங்கைகளே, 71 என்பதை "70-க்கு மேல்" என்று மாற்றுங்கள். கிராமத்துக்குப் பதில் மாவட்டம் போதுமா என்று கேளுங்கள். தேவையில்லாத தொழில் விவரத்தை நீக்குங்கள். ஆய்வு முடிந்ததும், கண்டது என்ன என்பதைத் தகவல் தந்த ஊருக்கே போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

நம்பி வந்த பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் இது. ஏரியில் பறவை எச்சம் கலந்த தண்ணீர் இவர்கள் வயலுக்கு உரமாகிறது. பெறுகிறவர் காக்கவும் வேண்டும். அந்தப் பாடத்தை இங்கிருந்து எடுத்துப் போவோம்.