அடங்கலில் இல்லாத பெயர்
(ஏரலில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நானோ கவுண்டரில் உட்கார்ந்து ரூவா எண்ணுகிறவன். இன்றைக்கு ரூவாயைப் பற்றியே பேசிவிடுகிறேன், கோவிச்சுக்கப்படாது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறியது. ஏரல் பாலத்துக்குப் போகிற சாலையை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. ஊர் தீவாகக் கிடந்தது.

அரசு நிவாரணம் அறிவித்தது. ரேசன் கார்டுக்கு 6000 ரூபாய், ரொக்கம். அது நம் சனங்களுக்கும் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். (ஒரே கார்டில் மூன்று அடுப்பு எரிகிற வீட்டுக்கும் அதே 6000தான்.) என் பேச்சு பயிர் நிவாரணத்தைப் பற்றியது. 33 சதம் அல்லது அதற்குமேல் சேதமென்றால் பாசன நெல்லுக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500 என்று அப்போது அறிவித்தார்கள். ஏக்கர்க் கணக்கில் நெல்லுக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. பட்டாக்காரருக்கே இது காணாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் கணக்கில் ஏறுகிறது?

விதியில் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைப் பார்த்துப் பட்டியல் எழுதுவார். அடங்கலில் பட்டாக்காரர் பேர் இருக்கும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிட்டவர் பேர் இருக்காது. வட்டிக்கு வாங்கி விதையும் உரமும் போட்டது அவர். அழிந்தது அவர் நெல். மானியமோ வெளியூரில் இருக்கிற வேறொருவர் கணக்குக்குப் போகும். வந்ததில் பாதியைக் கொடுக்கிற பட்டாக்காரர்களும் உண்டு. அது அவர்கள் மனசு. மனசை நம்பியா நாம் பிழைப்பது?

வெள்ளம் வடிந்தபின் ஒரு அம்மா பாஸ்புக்கை நீட்டினார்கள். "எய்யா, வெள்ள ரூவா ஏறிருக்கான்னு பாரு." ஏறவில்லை. எந்த வயலும்மா என்றேன். "வயலா? நாங்க நாத்து நடப் போறவ. நட்டது பூரா போச்சு, வேலையும் போச்சு. அதுக்குத் தரமாட்டாவளா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? பேரிடர் நிதிக்கு மத்திய அரசு 2022-இல் போட்ட நெறிமுறையிலேயே, பிழைப்பு கடுமையாகப் பாதித்த குடும்பத்தில் பெரியவர்கள் இருவருக்கு நூறுநாள் வேலைக் கூலி விகிதத்தில் உதவி தரலாம் என்று எழுதியிருக்கிறது. நெல் அழிந்தால் கணக்கெடுக்க ஆள் வருகிறது. போன கூலிநாளைக் குறிக்கிற படிவத்தை நான் யார் கையிலும் பார்த்ததில்லை.

நமக்கு ஏன் நிலம் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கைக்குப்பின் 1892-இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. கைமாறிப்போன அந்த நிலத்தைக் கேட்டு 1994-இல் காரணையில் எழுந்தபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கிச்சூட்டில் இழந்தோம். அது பெரிய பேச்சு, இன்னொரு நாள் பேசுவோம்.

கைக்கு எட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பதிந்தால் அடுத்த பிசானத்துக்கு வயல் கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். தனியாளுக்கு அந்தப் பயம் நியாயம்தான். தெருவே சேர்ந்து போய்ப் பதிந்தால், யாரை வைத்து நடுவார்கள்?

மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்கு வரும்போது ஒரு நோட்டு போடுங்கள். யார் வயல், எத்தனை சென்ட், உழுதது யார், நட்டது யார், மழையில் எத்தனை நாள் கூலி போனது. தேதி போட்டு, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுங்கள். ரசீது வாங்காமல் வரக்கூடாது. மனு எழுத ஆள் வேண்டுமென்றால், சாயந்தரம் ஆறு மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.