சாய்ந்த மொந்தனும் வாழைக்காய் வறுவலும்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றிப் பேச வேண்டியவன் வறுவலைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது.

ஒரு சித்திரை மாதம் கோடை மழையோடு வீசிய சூறைக்காற்றில் ஒரு பெரியவரின் மொந்தன் தோட்டம் பாதிக்கு மேல் முறிந்துவிட்டது. தார் தள்ளி இரண்டு மாதமே ஆகியிருந்தது. வியாபாரி வந்து பார்த்து, "காய் பிஞ்சு" என்று சொல்லிப் போய்விட்டார். தார்களை வெட்டி மாட்டுக்குப் போட்டார்கள். அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. தொட்டுக்கொள்ளக் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு! எனக்குச் சோறு இறங்கவில்லை.

வறுத்துத் தின்று நட்டத்தை ஈடுகட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சவுக்குக் கழி முட்டும் பயிர்க் காப்பீடும்தான் வழி. ஆனால் சில நாட்களுக்காவது கறிகாய்ச் செலவு மிச்சமாகுமல்லவா?

ஒன்றை முதலில் கவனியுங்கள். தாருக்கோ மரத்துக்கோ பூச்சிமருந்து இட்டிருந்தால், மருந்தின் உறையில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியாமல் அந்தக் காயை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

நன்கு விளைந்த காயின் சதையை உலர்த்தினால் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்துதான். அதனால்தான் வறுத்தால் மொறுமொறுப்பு வருகிறது. பிஞ்சில் மாவு குறைவு, துவர்ப்பு அதிகம். காயின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் பிஞ்சு என்று அறிந்துகொள்ளலாம். அதை அப்படியே எண்ணெயில் போட்டால் வாயில் வைக்க முடியாது. முதலில் வேகவைக்க வேண்டும்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு விளைந்த காய் மூன்று, பிஞ்சானால் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். கையிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை ஒட்டாது. தோலைச் சீவி, அரை விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, உடனுக்குடன் மோர் கலந்த நீரில் போடுங்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட நாட்களில், நறுக்கிய காயைத் தட்டில் வைத்துவிட்டு மிளகாய்த்தூள் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் கறுத்துவிட்டது. வெட்டுவாயில் காற்றுப் பட்டால் காயிலுள்ள நொதி செய்யும் வேலை அது. மோரின் புளிப்பு அதைத் தடுக்கிறது. இதை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை!

பிறகு வில்லைகளை நெல்லிக்காயளவு புளி கரைத்த நீரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். விளைந்த காய்க்கு அரைவேக்காடு போதும். குழைந்தால் வறுவல் களியாகிவிடும். பிஞ்சுக்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். துவர்ப்பு நீரில் இறங்கிவிடும். அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வடிந்த வில்லைகளில் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், தட்டிய பூண்டு நான்கு பல், சோம்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைப் பிசிறிக் கால் மணி நேரம் வையுங்கள்.

இரும்பு வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வில்லைகளைப் பரப்பிச் சிறு தீயில் வையுங்கள். அடிக்கடி கிளறக் கூடாது. ஒரு புறம் சிவந்த பின் திருப்பினால் போதும். பழுக்கத் தொடங்கிய காயில் மாவு சர்க்கரையாக மாறியிருக்கும்; அது விரைவில் தீய்ந்துவிடும். அதை வறுவலுக்கு எடுக்காதீர்கள், பழுக்கவே விட்டுவிடுங்கள்.

சீவிய தோலை எறிய வேண்டாம். மொந்தன் தோல் தடிப்பானது. பொடியாக நறுக்கி வேகவைத்து, வறுத்த உளுந்து, மிளகாய், புளியோடு அரைத்தால் மறுநாள் பழைய சோற்றுக்குத் துவையல் ஆயிற்று.