கூண்டில் நிற்பவனுக்கு ஒரு நாவு
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

 

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு மூஸா (அலை) அவர்கள் பணிக்கப்பட்டபோது, முன்பு தம் கையால் ஒருவன் இறந்ததை நினைத்து அஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசவல்ல சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அனுப்புமாறு இறைவனிடம் வேண்டினார்கள். ஸூரத்துல் கஸஸ் இதனைக் கூறுகிறது. ஒரு நபிக்கே இத்துணை தேவைப்பட்டதெனில், தோல் ஷாப்பில் கூலி வேலை செய்பவரின் மகன் கூண்டில் நிற்கும்போது எவ்வளவு தேவைப்படும்!

சென்ற ஆண்டு, ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தாய் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். மகன் வேலூர் மத்திய சிறையில் தண்டனைக் கைதி. "நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்தேன், ஹஜ்ரத். முக்கிய சாட்சியை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பீலில் இதைச் சொன்னால் பிள்ளையை விடுவார்களா?" என்று அழுதார். விவரமறிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டறிந்தேன்.

மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கில், 2013 இல் குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்றுதான் அவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். இரண்டே வாரங்களில் மரண தண்டனை! உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதனை ரத்துச் செய்து, புதிதாக விசாரிக்க ஆணையிட்டது. மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும், ஆயத்தமாக 7 நாளேனும் அவகாசமும் வேண்டும் என்றது. நெடிய போராட்டத்திற்குப் பின் 2024 இல் அவர் விடுதலையானார்.

ஆயினும், எல்லாக் குறைக்கும் இக்கதவு திறவாது. டில்லியின் சிவகுமார் யாதவ் வழக்கில், புதிய வழக்கறிஞர் வந்தார் என்பதற்காக மட்டும் சாட்சிகளை மீண்டும் அழைக்க இயலாது என்று அதே நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984 இல், வழக்கறிஞரின் தவறோடு, அதனால் முடிவே மாறியிருக்கக்கூடும் என்பதையும் காட்ட வேண்டும் என வரையறுத்தது. "வக்கீல் சரியில்லை" என்னும் புலம்பல் போதாது. எந்தச் சாட்சி, எந்தக் கேள்வி, எந்த ஆவணம் விடுபட்டது என ஏடுகளைக் கொண்டு காட்ட வேண்டும்.

ஆகவே, விழிப்பு விசாரணையின்போதே வேண்டும். வாய்தா தோறும் குடும்பத்தார் ஒருவர் சென்று நடந்ததைக் குறித்து வையுங்கள். குறையிருப்பின் அப்போதே நீதிபதியிடம் மனுச் செய்யுங்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். செஷன்ஸ் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள்களே தவணை. மரண தண்டனையெனில் 30. சிறை அதிகாரி வழியாகவும் மேல்முறையீடு அனுப்பலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்போருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

அத்தாய் வந்தபோது 60 நாளில் ஒன்பது நாளே எஞ்சியிருந்தது. மனு உரிய காலத்தில் சென்றது, விசாரணைக்குக் காத்திருக்கிறது. முடிவு அல்லாஹ்விடம்.

நம்மவர் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கச் சொல்லவில்லை. மதீனாவில் ஒரு யூதர்மீது வீணே சுமத்தப்பட்ட திருட்டுப் பழியைத் துடைக்கவே ஸூரத்துன் நிஸாவின் வசனங்கள் இறங்கின என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். நீதி எவருக்கும் உரியது.

நகல் செலவுக்கும், வாய்தாவுக்குத் துணை செல்லவும் பைத்துல்மாலில் ஒரு சிறு ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்தை வேண்டுகிறேன். நாவற்றோருக்கு நாவாக நிற்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.