பட்டாளம் காலி செய்த இடம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



லூமுட்டில் இருக்கும் நமக்குப் பட்டாளம் புதிதல்ல. கடற்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே பட்டாளம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது, பட்டாளம் போன கதை.

பினாங்கில், குளுகோர் பக்கம், மிண்டன் முகாம் என்று ஓர் இடம். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம். மிண்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஊர். 1759-இல் அங்கே பிரெஞ்சுக்காரனை ஜெயித்ததற்கு இங்கே பேர்ப்பலகை! அது கிடக்கட்டும்.

1971 முடிவதற்குள் நம் வட்டாரத்தைவிட்டுப் போய்விடுவதாக 1968-இல் பிரிட்டன் அறிவித்தது. 1969-இல் பினாங்கில் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 57 பேர். சொந்த இடம் கிடையாது. குளுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிதான் இடம் கொடுத்தது. பயிற்சிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற எனக்கு, இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான்! 1971-இல் பல்கலைக்கழகம் மிண்டன் முகாமுக்குக் குடிபோனது. அதுதான் இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கட்டவில்லை. சிப்பாய் இருந்த கட்டடத்தில் மாணவன் உட்கார்ந்தான்.

போன வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். பழைய கட்டடங்களைப் பார்த்த ஒரு பையன், "சார், நம்ம லயம் மாதிரியே நீளமா இருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். லைன் என்ற இங்கிலீஷ் சொல்தான் நம் வாயில் லயம் ஆனது. பட்டாளத்துக் குடியிருப்புக்கும் லைன் என்றுதான் பேர். ஆளை வரிசையாக வைத்து எண்ணுவதற்குக் கட்டியது, இரண்டுமே.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம்மிடம் படித்த பையன் ஒருவன், ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. "வீட்டுல ஒரே விளக்கு, ஆறு பேரு, டிவி சத்தம். எங்க சார் படிக்கிறது?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்துப் பழைய ஆயாக் கொட்டகை பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். கூரையைப் பெற்றோர்களே சரிசெய்தால், இரவு படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. சாவி இதோ, என் சட்டைப் பையில்.

எட்டுத் தகரம் வேண்டும். இரண்டு நீள விளக்கு வேண்டும். மேசைக்குப் பள்ளிக்கூடத்துப் பழைய பலகை இருக்கிறது. ஆண்கள் ஏணி கொண்டு வாங்க, அக்காமார்கள் விளக்குமாறு கொண்டு வாங்க. வருகிற சனிக்கிழமை, காலை எட்டு மணி. நான் ஏழரைக்கே கதவைத் திறந்து வைத்திருப்பேன்.