ராட்டினத்துக்கு மோட்டார் வந்தது, பிள்ளைக்குப் பலகை வரவில்லை

ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வந்து முன்வரிசையில் இருக்கும் என் தோழர்களே!

வேறு தலைப்பில் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் போன வாரம் இந்தக் கடற்கரைத் திருவிழாவில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் மேடையை விட்டு இறங்க முடியாது.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு காலிலும் நடக்க உதவும் காலிப்பர். ராட்டினத்தில் மயில் பெட்டிதான் வேண்டும் என்று வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. ஏறுவதற்கு இரண்டு இரும்புப் படி, கைப்பிடி கிடையாது. முதல் படியே அவள் முழங்கால் உயரம். அவள் அப்பா தூக்கி உட்கார வைக்கப் போனார். ராட்டினக்காரர் கையை நீட்டி மறித்தார். "இது அந்தக் காலத்து ராட்டினம் சார், இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லி டிக்கெட் காசைத் திருப்பிக் கையில் திணித்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பலகை போடுங்கள் என்று விழாக்காரர்களிடம் கேட்கப் போனோம். பழமை மாறக் கூடாதாம்! தாத்தா பார்த்த ராட்டினத்தைப் பேரனும் அப்படியே பார்க்க வேண்டுமாம்! பலகை போட்டால் அழகு கெட்டுவிடுமாம்!

எந்தப் பழமை ஐயா? உங்கள் தாத்தா காலத்தில் ஆள் நின்று கையால் சுற்றினான். இன்று மோட்டார் சுற்றுகிறது. பழமை போகவில்லை. சீரியல் பல்பு மாட்டினீர்கள், ஸ்பீக்கர் கட்டிக் குத்துப்பாட்டு போட்டீர்கள். போகவில்லை. ஜிபே அட்டையைத் தொங்கவிட்டீர்கள். அப்போதும் போகவில்லை. எங்கள் பிள்ளை ஏற ஒரு பலகை கேட்டதும் போய்விட்டதா? (கைதட்டல்)

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த தூக்குப் பாலம், ஆட்கள் கையால் நெம்பித் திறந்த பாலம். அதைவிடப் பெரிய பழமை இந்தக் கரையில் ஏது? உப்புக்காற்று அரித்தது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழுகிறது. மனசாரப் பாராட்டுகிறேன். கப்பலுக்காக 660 டன் இரும்பைத் தூக்கத் தெரிந்த நாட்டில், ஒரு பிள்ளையை இரண்டு படி ஏற்றப் பலகை இல்லையா?

கடலோரத்தில் பலகை போட்டால் புயல் கொண்டுபோய்விடும் என்கிறார் ஒருவர். ராமேசுவரத்துக்காரனுக்கே புயலைப் பற்றிப் பாடமா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களை அடித்துக்கொண்டு போனது. ஸ்ரீதரன் என்ற பொறியாளர் 46 நாளில் பாலத்தை மீட்டுக் கொடுத்தார். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைக் குலைத்தது. சரிசெய்தார்கள். புயல் அடித்தால் திரும்பக் கட்டு! நாம் காலங்காலமாகச் செய்கிற வேலைதானே அது!

வழக்கம், வழக்கம் என்கிறீர்களே! ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்துப் போட்டதும் வழக்கம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில் அவர்கள் இருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது சங்கிலி விடவில்லை. 28 உயிர் போயிற்று. நம் மாவட்டத்து மண்ணில்! அதற்குப் பிறகும் வழக்கம் என்று எங்களிடம் பேச உங்களுக்கு நா எழுகிறதா?

அப்துல் கலாமுக்கு மாலை போட முண்டியடிக்கிறவர்களையும் கேட்கிறேன். அக்னி ஏவுகணைக்கு ஆக்கிய இலேசான பொருளில் அவர் ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனைப் பிள்ளைகளுக்குக் காலிப்பர் செய்துகொடுத்தார். மூன்று கிலோவுக்கு மேல் கனத்தது 300 கிராமாகக் குறைந்தது. அந்த மகிழ்ச்சியை ஏவுகணைகளுக்குச் சமமாக வைத்துப் பேசினார். அவர் பிறந்த இந்த ராமேசுவரக் கரையில் காலிப்பர் போட்ட பிள்ளைக்கு ஒரு பலகை கிடையாது!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவில் பொழுதுபோக்கும் இருக்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடிச் சாய்வு, பக்கத்தில் ஒரு கைப்பிடி, பெட்டியில் ஒரு பெல்ட். படி ஒன்று ஓரடி என்றால், அந்த இரண்டு படிக்கு 24 அடிப் பலகை போதும். நான் நிற்கும் இந்த மேடைக்குப் பந்தல்காரர் அதைவிட அதிகமாக அடித்திருக்கிறார்!

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். சாய்தளம் இல்லாத ராட்டினத்துக்கு இந்த மாவட்டத்தில் அனுமதி கிடையாது என்று உத்தரவு வேண்டும். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறோம்.