மறைத்த நோயும் சொன்ன சொல்லும்

(தேசூரில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியமும் மனத்துயரும்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். நூல்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால், குறிப்பெடுக்க அமர்ந்தபோது, இத்தலைப்பில் அப்படிப் பேசும் உரிமை எனக்கில்லை என்பது விளங்கிற்று. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் நூல்கள்.

சங்க அகப்பாடல்களில் 'நோய்' என்னும் சொல் உடலின் பிணியை மட்டும் குறிப்பதன்று. உள்ளத்தின் துன்பத்தையும் குறிப்பது. தலைவி மெலிகிறாள், உறக்கம் இழக்கிறாள், உணவு மறுக்கிறாள். தாய் கலங்குகிறாள். 'இது முருகு அணங்கியதால் வந்தது' என்று எண்ணி வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, பலி கொடுத்து, வெறியாட்டு நிகழ்கிறது. நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அந்த இடத்தில் தோழி வாய் திறக்கிறாள். மறைத்து வைத்திருந்த உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். உள்ளத்து நோயை உள்ளபடி சொல்வதை நாணமற்ற செயல் என்று அவர்கள் கருதவில்லை. அறத்தின் பக்கம் நிற்பதாகக் கருதினார்கள். இத்துறையை மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ, பணி ஓய்வு பெற்ற பிறகுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பட்டையும் ஜரிகையையும் அறிந்த ஊரில் பேசுகிறேன். ஆகவே பட்டு ஜரிகை வணிகம் செய்த ஓர் எழுத்தாளரையே முதலில் நினைவுகூர்கிறேன். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் 1920இல் பிறந்தவர். இளம் வயதிலேயே 'மணிக்கொடி'யில் எழுதியவர். நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' நாவலில் உள்ளிருந்து சொன்னவர். அவருடைய காதுகளுக்குள் பல்லாண்டுகள் குரல்கள் ஒலித்தன. வெளியில் பேசுவோர் யாருமில்லை. ஆயினும் வசையும் ஏளனமும் ஓயவில்லை. அந்த அனுபவத்தையே அவர் 'காதுகள்' என்னும் நாவலாக எழுதினார். 1992இல் வெளிவந்த அந்நூலுக்கு 1993ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

விருதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஒரு வணிகனுக்கு நாணயமே முதல் என்பது உங்களுக்குத் தெரியும். 'அவனுக்கு மனம் சரியில்லையாம்' என்று ஒரு சொல் கடைத்தெருவில் பரவினால், நாளை யார் அவனுக்குச் சரக்கைக் கடனாகத் தருவார்கள்? அப்படிப்பட்ட உலகத்தில் வாழ்ந்த ஒரு மனிதர், தாம் பட்டதைக் கதையாக்கி, அதன் வேர் தம் வாழ்வில் இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்நூலைப் படிக்கும் வாசகன், குரல்கள் கேட்கும் ஒருவனைக் கண்டு அஞ்சுவதில்லை; அவனுடைய வீட்டுக்குள் போய் அவன் மனைவி மக்களோடு அமர்ந்துவிடுகிறான். அச்சம் போன இடத்தில் இரக்கம் வருகிறது; இரக்கத்துக்கு அடுத்தபடியாக, 'நாளை எனக்கும் இது நேரலாம்' என்னும் தெளிவு வருகிறது.

அடுத்து கோபி கிருஷ்ணன். மதுரையில் பிறந்து, உளவியல் பயின்று, சென்னையில் வறுமையோடு வாழ்ந்து 2003இல் மறைந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்னும் நூலில், மனநோயாளிகள் என்று நாம் ஒதுக்கி வைத்தவர்களைப் பேச வைத்தார். அங்கே அவர்களை ஆராயும் கண்ணைவிட, அவர்கள் சொல்வதைக் கேட்கும் காதே பெரிது. தாமே மன நலிவுற்றதையும் மருந்து உட்கொண்டதையும் அவர் தம் எழுத்தில் மூடி மறைக்கவில்லை. அவர் எழுத்தில் துயரத்தின் நடுவே ஒரு மெல்லிய நகைப்பும் உண்டு.

மூன்றாவதாக ஒரு கவிஞர்: ஆத்மாநாம். 1951இல் பிறந்தார். 'ழ' இதழை நடத்தினார். 'காகிதத்தில் ஒரு கோடு' 1981இல் வந்தது. மனநோயோடு போராடி, 1984இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நம்மைப் போன்ற கவிதை வட்டங்களில் ஒரு தவறான பேச்சு உலவுகிறது. 'துயரம்தான் அவரைக் கவிஞராக்கியது. பெருங்கவிஞனுக்கு அதுவே விதி' என்பர். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அவரைக் கவிஞராக்கியது அவருடைய கூரிய அறிவும் மொழியும் மனிதர்மீது கொண்ட அக்கறையும். நோய் நமக்கு ஒரு வரியையும் தரவில்லை. அவர் எழுதியிருக்கக்கூடிய நாற்பது ஆண்டுக் கவிதைகளை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. இளங்கவிஞர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். மருத்துவம் செய்துகொண்டால் கவிதை வற்றிவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்பர்களே, நூல்கள் முடிந்தன. இனி என் கதை.

நம் வட்டத்தின் ஆறாம் ஆண்டில் எட்டு மாதங்கள் நான் கூட்டங்களுக்கு வரவில்லை. குடற்புண் என்று சொல்லியனுப்பினேன். அது பொய். எனக்கு வந்தது மனச்சோர்வு நோய். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். மார்பின்மேல் பாவுருளையை ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். உணவில் சுவை இல்லை. முப்பதாண்டுகள் மாணவர்க்கு நடத்திய செய்யுளைத் திறந்தால், எழுத்துகள் எழுத்துகளாகவே நிற்கும்; பொருளாகாது. பேரக் குழந்தை மடியில் வந்து அமர்ந்தால்கூட, யாரோ ஒருவருடைய குழந்தை அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சுமை குறையும்' என்னும் எண்ணம் நாள்தோறும் வந்தது. அந்த எண்ணம் என் அறிவிலிருந்து வந்ததன்று, நோயிலிருந்து வந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

என் மனைவி அறிந்தாள். உறவினர் மந்திரிக்கச் சொன்னார்கள், தாயத்தும் கட்டினார்கள். அவள் அதற்கும் தடை சொல்லவில்லை. ஆனால், என்னை வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நம் ஊரார் எவரும் ஏறாத அதிகாலைப் பேருந்தில் போனோம். மருத்துவர் அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். மாத்திரை தந்தார். 'இரண்டு மூன்று வாரங்களுக்குப் பலன் தெரியாது. அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்' என்றார். ஆறாம் வாரத்தில் ஒருநாள், தெருவில் ஓடும் தறியின் ஓசை காதுக்கு இனிமையாக இருந்தது. அன்று அழுதேன்.

நலமடைந்து வட்டத்துக்குத் திரும்பிய நாளில்தான் நான் பெருந்தவறு செய்தேன். கூட்டம் முடிந்ததும் நம் உறுப்பினரான இளைஞர் ஒருவர், நெசவாளர், என்னைத் தனியே அழைத்துச் சென்றார். "ஐயா, எட்டு மாசமா முகமே வேற மாதிரி இருந்துச்சு உங்களுக்கு. எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டார். நான், "குடற்புண் தம்பி. பத்தியம் இருந்தேன், சரியாகிவிட்டது" என்றேன். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு "சரிங்க ஐயா" என்று போய்விட்டார்.

ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அந்நாளில் அவருடைய தறி பாதிப் பாவில் நின்றிருந்தது. வாங்கிய முன்பணத்துக்குச் சேலை தர இயலவில்லை. வீட்டில் 'சோம்பேறி' என்றார்கள். தெருவில் 'குடிக்கிறான்' என்றார்கள். அவர் குடிக்கவில்லை; எனக்கு வந்த அதே நோய் அவருக்கும் வந்திருந்தது. என் முகத்தில் அதை அடையாளம் கண்டுகொண்டு, வழி கேட்க வந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன். மேலும் பல மாதங்கள் அவர் தனியே துன்புற்றார். பின்னர் அவரும் மருத்துவம் பெற்று நலமடைந்தார். "அன்னிக்கு நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன் ஐயா" என்றார். அவர் இசைவோடுதான் பெயரின்றி இதைச் சொல்கிறேன். என் தலைகுனிவுக்குக் காரணம் எனக்கு நோய் வந்ததன்று. நான் சொன்ன அந்தப் பொய்.

இது எங்கள் இருவர் கதை மட்டுமன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் மருத்துவம் பெறுவதில்லை. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம், நாணம் மற்றொன்று. அந்த நாணம் எங்கே கொண்டு விடும் என்பதை நாம் ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள்.

சொல்வதால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன் தம் மனச்சோர்வைப் பற்றி 1989இல் ஒரு பல்கலைக்கழக அவையில் பேசினார். அச்சொற்பொழிவே வளர்ந்து 1990இல் நூலாயிற்று. 'என்னைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்' என்னும் கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. நெதர்லாந்தில் 1987இல் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், குரல்கள் கேட்கும் பெண்மணி ஒருவரோடு தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியபோது, நூற்றுக்கணக்கானோர் 'எங்களுக்கும் கேட்கிறது' என்று தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் அதுவரை வாய் திறக்காதவர்கள். 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழுவும், மனநோய் பற்றிய இழிவெண்ணத்தைப் போக்குவதில், அதை அனுபவித்தவரோடு பழகுவதே மிகுந்த பயன் தருகிறது என்று கூறியுள்ளது. ஆயிரம் துண்டறிக்கைகள் செய்யாததை, நமக்குத் தெரிந்த ஒரு மனிதர் 'எனக்கும் வந்தது, மீண்டேன்' என்று சொல்வது செய்துவிடுகிறது.

ஆயினும் சில எச்சரிக்கைகள் வேண்டும். எல்லாரும் மேடையேறிச் சொல்லிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நான் ஓய்வூதியம் பெறுபவன். எனக்கு இழப்பு குறைவு. மணமாகாத ஒரு பெண்ணுக்கோ, கூலிக்கு நெய்யும் ஓர் இளைஞருக்கோ அப்படியன்று. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவரவர் உரிமை. ஒருவர் நம்மிடம் சொன்னதை அவர் இசைவின்றி வேறிடத்தில் சொல்வது துரோகம். மேலும், கதை மருந்தாகாது. மருந்திருக்கும் இடத்துக்கு வழிகாட்டும், அவ்வளவே. உயிரை விடத் தோன்றும் அளவுக்குத் துன்பம் மிகும்போது, அரசின் டெலி-மானஸ் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் 'சினேகா' அமைப்பும் இப்பணியைச் செய்துவருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் கூறுகிறது. சட்டம் மாறிவிட்டது, நம் நாக்கு இன்னும் மாறவில்லை. 'பைத்தியம்' என்னும் சொல்லை வசையாக வழங்குவதை நம் கவிதைகளிலிருந்தாவது விலக்குவோம்.

கேட்போருக்கும் கடமை உண்டு. அறிவுரை சொல்லாதீர்கள், 'எனக்கு இல்லாத கவலையா?' என்று அளக்காதீர்கள். கேளுங்கள். பிறகு, 'நாளை மருத்துவரிடம் நானும் உடன் வருகிறேன்' என்று சொல்லுங்கள். தோழி செய்தது அதுதான்.

தறியில் ஓரிழை அறுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? யாரும் பார்க்கவில்லை என்று தொடர்ந்து நெய்தால், அந்தக் குறை சேலை நெடுக ஓடும். தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டுத்தானே மறுபடி நாடாவை ஓட்டுகிறீர்கள்? அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அது தொழிலின் ஒரு பகுதி.

நான்கு ஆண்டுகள் தாழ்ந்து, அந்த இளைஞருடைய கேள்விக்கு இந்த அவையில் விடை சொல்லியிருக்கிறேன். அடுத்த திங்கள் கூட்டம் முடிந்த பிறகும், அதன் பின் ஒவ்வொரு கூட்டத்திலும், நான் ஒருமணி நேரம் இதே திண்ணையில் அமர்ந்திருப்பேன். கேட்க விரும்புவோர் வரலாம். பொய் சொல்லமாட்டேன்.