கட்டணம் உண்டு, காட்சி இல்லை!

(இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நடைபெற்ற கூட்டங்களில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொட்டகைக்குச் செல்கிறோம், சீட்டு வாங்குகிறோம். வாயிற்காப்போன் சீட்டைப் பார்க்கிறான், கிழிக்கிறான், உள்ளே விடுகிறான். தரைச் சீட்டுக்காரனுக்கு மணல், மேல்மாடிக்காரனுக்கு மெத்தை! ஆயினும் திரையிலே ஓடுவது இருவருக்கும் ஒரே படம். ஏழைக்கும் செல்வருக்கும் அந்த இரண்டரை மணி நேரமாவது ஒரே காட்சி கிடைத்ததே என்று, நாடகக்காரனாகிய நான் மகிழ்ந்ததுண்டு.

அந்த வாயிற்காப்போன் சீட்டைப் பாராமல், "எந்த வண்டியில் வந்தாய்?" என்று கேட்டால்? "இன்ன கம்பெனி வண்டியிலே வந்தவர் உள்ளே போகலாம்; மற்றவர் வீடு திரும்பலாம்" என்று கூறினால்? பித்தம் தலைக்கேறியவன் என்போம். ஆனால், இணையவழிப் படக்கொட்டகைகள் அதைத்தான் செய்கின்றன. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோ ஹாட்ஸ்டார் என்று பெயர்கள் பல, விதி ஒன்று. மாதக் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். பிறகு, "உமது பிரவுசரை நாங்கள் ஆதரிப்பதில்லை" என்று ஒரு வரி திரையிலே தோன்றும். பிரவுசர், அதாவது உலவி, நம்மை வலைத்தளத்திற்கு ஏற்றிச் செல்லும் வண்டி. வண்டி அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், பணம் கட்டியவருக்கும் படம் இல்லை!

இது யாரைத் தொடுகிறது? புதுக் கணினி வாங்க வசதி படைத்தவரைத் தொடாது. 2006இல் குடிசைக்கும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தந்தது நமது ஆட்சி. 2011இல் வந்த மாற்றார் ஆட்சி, மாணவருக்கு மடிக்கணினி தந்தது. தந்தது நல்லதுதான், தந்தவர் மாற்றார் என்பதற்காக நல்லதைத் தீது என்று கூறமாட்டேன். அந்தக் கணினியில் விண்டோஸும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் வீட்டிலே, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்பவரின் வீட்டிலே, அன்று மகள் படிக்க வந்த பெட்டி, அவள் மணமாகிச் சென்ற பின்னும் மேசைமீது இருக்கிறது. திரை உடையவில்லை, விசை தேயவில்லை. ஆனால், 32 பிட் லினக்ஸ் கணினிகளைக் குரோம் உலவி 2016 மார்ச்சிலேயே கைகழுவிற்று. விண்டோஸ் 7, 8.1 இரண்டையும் 2023 பிப்ரவரியில் கைவிட்டது. புதிய பதிப்பு ஏறாத கணினிக்குப் படக்கொட்டகையின் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிறது. பொறி சாகவில்லை, தோழர்களே, செத்ததாக அறிவிக்கப்படுகிறது!

"பழைய உலவியிலே ஓட்டைகள் உண்டு, திருடர் நுழைவர், எத்தனை ஆண்டு அதைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மறுக்கவில்லை. ஓட்டை உலவியிலே வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று நானும் கூறுவேன். ஆனால் இந்தக் காரணம் பாதிக் கதவுக்குத்தான் பொருந்தும். மீதிப் பாதியை அவர்கள் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

புத்தம்புதிய கணினி, ஓட்டையில்லாத லினக்ஸ், நேற்று வெளிவந்த ஃபயர்பாக்ஸ். அதிலே படம் தெளிவாக வருகிறதா? பல நிறுவனங்கள் மங்கிய படத்தைத்தான் அனுப்புகின்றன! காரணம், பூட்டு. படம் நம் வீட்டுக்குக் குழப்பிய வடிவிலே வருகிறது. அதைத் தெளிவாக்கும் சாவி உலவிக்குள் முத்திரையிட்ட ஒரு சிறு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை ஆக்குவோர் பெரும்பாலும் மூவரே: கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உரிமையாளனாகிய உனக்கு அனுமதி இல்லை. கணினியின் வன்பொருளோடு பிணைந்த பூட்டுக்கு உயர்ந்த படம். மென்பொருளில் மட்டும் நிற்கும் பூட்டுக்குத் தாழ்ந்த படம். லினக்ஸ் கணினிக்குக் கிடைப்பது இரண்டாவது. கொட்டகையிலே இரு கட்டணம், ஒரு படம். இங்கே ஒரு கட்டணம், இரு படம்!

2017 செப்டம்பர் 18 அன்று, உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற மன்றம், இந்தப் பூட்டுக்கு உலவியில் இடம் தரும் முறையைத் தரமாக ஏற்றது. ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. எதிர்த்து நின்ற எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு அன்றே மன்றத்தைவிட்டு வெளியேறிற்று. தரம் பொது, சாவி தனியார்! விளைவு என்ன? 2019இல் புதிய உலவி ஒன்றை ஆக்கிய இளைஞர் ஒருவர், பூட்டுக்கு அனுமதி கேட்டு நான்கு மாதங்கள் காத்திருந்தார். கிடைத்த விடை: இல்லை. அனுமதி தருவது கூகுள். உலகிலேயே பெரிய உலவியை வைத்திருப்பதும் அதே கூகுள். போட்டியாளன் கடை திறக்க வேண்டுமானால், எதிர்க்கடைக்காரனிடம் சாவி கேட்க வேண்டும்!

"திருட்டைத் தடுக்கவே பூட்டு" என்பார்கள். நானும் எழுதிப் பிழைப்பவன்; என் நாடகத்தைத் திருடி மேடையேற்றுபவனுக்கு மாலை போடமாட்டேன். ஆனால் படம் வெளிவந்த வேகத்திலே திருட்டுப் பிரதியும் வெளிவந்துவிடுகிறதே! திருடனைத் தடுக்காத பூட்டு, கட்டணம் செலுத்தியவனை மட்டும் தடுக்கிறது.

திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் அரசு முத்திரையிலே நிற்கிறது. நமது சீமையிலே, கோபுரத்தைக் காணலாம், உள்ளே வரலாகாது என்ற காலம் ஒன்று இருந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார் மக்கள்மீது வழக்குத் தொடுத்தனர். 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றும் கதவு திறக்கவில்லை. 1939இலும் 1947இலும் சட்டம் வந்துதான் கதவுகள் திறந்தன. படம் பார்ப்பதையும் மானத்திற்காக நடந்த அந்தப் போரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. ஆனால், "கதவு எங்களுடையது, விதியும் எங்களுடையது, சட்டத்திற்கு இங்கென்ன வேலை?" என்ற குரல் மட்டும் அதே குரல்.

சட்டத்திற்கு வேலை இல்லையாம்! 2021 பிப்ரவரியில் டில்லி அரசு வகுத்த விதிகள், இந்தப் படங்களுக்கு வயது வரம்பு குறிக்கச் சொல்கின்றன. புகார் கேட்க அதிகாரி வைக்கச் சொல்கின்றன. எதைக் காட்டலாம் என்று பார்க்க டில்லிக்குக் கண் உண்டு. யாருக்குக் காட்ட மறுக்கிறார்கள் என்று பார்க்கக் கண் இல்லை. கேபிள் பெட்டிக்கு மட்டும் 2020 ஏப்ரலில் டிராய் ஒரு நல்ல பரிந்துரை செய்தது: பெட்டி ஒன்று, நிறுவனத்தை மாற்றினாலும் அதே பெட்டி பயன்பட வேண்டும் என்று. பெட்டிக்குப் பொருந்தும் நீதி உலவிக்குப் பொருந்தாதா? எந்த எந்தக் கருவியில், எந்த ஆண்டுவரை படம் தெரியும் என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே தமிழிலே எழுதிக் காட்டட்டும். இடையிலே கதவைச் சாத்தினால், மீதிப் பணத்தைத் திருப்பித் தரட்டும். பாதுகாப்பான எந்த உலவிக்கும் சாவி மறுக்கலாகாது என்று விதி எழுதப்படட்டும்.

நமது மாநிலத்திற்கும் இதிலே கடமை உண்டு. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கருவி என்று 2025 நிதிநிலை அறிக்கை கூறிற்று. வாங்கும் ஒப்பந்தத்திலே விலையும் வேகமும் எழுதினால் போதாது. எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்பதும் எழுதப்பட வேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் இலவச ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இன்னும் எத்தனை வீட்டுக் கணினி வாயிலிலே நிற்கப் போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

படிப்பகத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவிலே உள்ள பழைய மடிக்கணினிகளைப் பாருங்கள். 64 பிட் தாங்குமானால் புதிய லினக்ஸ் ஏற்றிக் கொடுங்கள். பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் அது போதும். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். எந்த ஆண்டுக் கணினி, எந்த உலவி, எந்த நிறுவனம், கட்டிய கட்டணம் எவ்வளவு, திரையிலே வந்த மறுப்பு வரி என்ன என்று வரிசையாக எழுதுங்கள். பயன்படுத்துபவரின் கையொப்பத்தையும் பெற்று, அடுத்த ஒன்றியக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் கையிலும், நாடாளுமன்ற உறுப்பினர் கையிலும் ஆளுக்கொரு படி கொடுப்போம்.